எந்தப் பயண நூலை எடுப்பது?

விடுமுறைக்குப் பாரிஸ் நகரத்துக்குப் போகிறீர்களா? நூலகத்தில் பயண வழிகாட்டி நூல்கள் நிறைய இருக்கும். அழகான அட்டையைப் பார்த்ததும், "அம்மா, இதையே எடுக்கலாம்!" என்று சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், நூல் எந்த ஆண்டில் அச்சானது என்று பாருங்கள். நோட்ர டாம் தேவாலயத்தில் 2019-இல் தீப்பிடித்தது. பழுது பார்த்து, 2024 டிசம்பரில்தான் மீண்டும் திறந்தார்கள். 2021-இல் வந்த நூல், 'மூடியிருக்கிறது' என்றே சொல்லும். அதை நம்பினால், நீங்கள் அங்கே போகவே மாட்டீர்கள்!

அடுத்து, ஒவ்வோர் இடத்துக்கும் விடுமுறை நாள் போட்டிருக்கிறதா? மோனா லிசா ஓவியம் இருக்கும் லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. தெரியாமல் போனால், "ஐயோ, இன்னைக்குப் பூட்டியிருக்கே!" என்று வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

மூன்றாவது, வரைபடம். நோட்ர டாமிலிருந்து லூவருக்கு ஆற்றங்கரை வழியாக நடந்தே போகலாம். நல்ல வரைபடம் இருந்தால், இரண்டும் பக்கத்தில் இருப்பது உடனே தெரியும்.

கடைசியாக, நூலைக் கையில் தூக்கிப் பாருங்கள். ரொம்பக் கனமா? நாள் முழுவதும் அதைச் சுமக்கப் போவது யார்? நீங்கள்தானே!