கொன்றவனின் பெயரில் ஒரு பாட்டு

அமெரிக்காவின் ஸ்லேயர் இசைக்குழு 1986 ஒக்டோபரில் வெளியிட்ட 'ரெய்ன் இன் பிளட்' அல்பத்தில் பத்துப் பாடல்கள். மொத்தம் 29 நிமிடங்கள்தான். ஒலிநாடாவின் ஒரு பக்கத்திலேயே எல்லாம் அடங்கிவிட, மறுபக்கத்திலும் அதையே பதிந்து விற்றார்கள். கிற்றாரும் டிரம்ஸும் மூச்சுவிடாமல் ஓடும் த்ராஷ் மெட்டல் இசையின் உச்சம் என்று இன்றும் பலர் சொல்வது இதைத்தான்.

சர்ச்சையைக் கிளப்பியது முதற்பாடலான 'ஏஞ்சல் ஒஃப் டெத்'. அவுஸ்விட்ஸ் வதைமுகாமில் இரட்டைக் குழந்தைகளைப் பிரித்தெடுத்துப் பரிசோதனை செய்த நாசி மருத்துவன் ஜோசப் மெங்கலே பற்றியது அது. அவன் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. தென் அமெரிக்காவுக்குத் தப்பியோடி, 1979இல் பிறேசில் கடலில் மூழ்கிச் செத்தான். வேறு பெயரில் புதைக்கப்பட்டிருந்த அவனது எலும்புகள் 1985இல்தான் தோண்டியெடுக்கப்பட்டன.

அல்பத்தை விநியோகிக்க கொலம்பியா நிறுவனம் மறுத்தது. கெஃபன் நிறுவனம் பொறுப்பேற்றது. ஆனால் தன் வெளியீட்டு அட்டவணையில் அதைச் சேர்க்கவில்லை. அப்படியிருந்தும் பில்போர்ட் பட்டியலில் 94ஆம் இடம், 1992இல் தங்க விருது.

நாசி அனுதாபிகள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. பாட்டை எழுதிய ஜெஃப் ஹன்னெமன் நாசிப் பதக்கங்களைச் சேகரித்தவர் என்பதால், சந்தேகம் காற்றில் வந்ததல்ல. மெங்கலே கெட்டவன் என்பது தெரிந்த விடயம், அதைப் பாட்டில் சொல்லத் தேவையில்லை என்பது அவரது பதில். தயாரிப்பாளர் றிக் றூபின் ஒரு யூதர்.

பாடல் மெங்கலேயைப் புகழ்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. உறுத்துவது வேறொன்று. கொன்றவனுக்கு அதில் பட்டம் இருக்கிறது, அவன் செய்தவை விபரமாக இருக்கின்றன. செத்தவர்களில் ஒருவருக்கேனும் பெயரில்லை. காணொளிகளை நிறுத்தி நிறுத்தித் தன் பிள்ளையின் முகத்தைத் தேடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதே காலத்தில்தான் ஈவா மோசஸ் கோர், மெங்கலேயிடமிருந்து உயிர்தப்பிய மற்ற இரட்டையர்களைத் தேடிக்கொண்டிருந்தார். அவரும் சகோதரி மிரியமும் பத்து வயதில் அவன் கையில் அகப்பட்டவர்கள். 1984இல் அவர் தொடங்கிய அமைப்பு, உயிரோடிருந்தவர்களைப் பெயர் பெயராகக் கண்டுபிடித்தது. 1985இல் அவர்களிற் பலர் ஜெருசலேமில் கூடி, மெங்கலே இல்லாமலே சாட்சியம் அளித்தார்கள்.

2019 ஜூலையில் ஈவா போலந்தில் காலமானார். அவுஸ்விட்ஸைக் காட்ட ஒரு குழுவை அழைத்துச் சென்றிருந்தார். அந்த நவம்பரில் ஸ்லேயர் தன் பிரியாவிடைச் சுற்றுப்பயணத்தின் கடைசி மேடையில், கடைசிப் பாட்டாக 'ஏஞ்சல் ஒஃப் டெத்'தை வாசித்தது.