உரோமன் எழுத்தில் தீவகத்து ஊர்ப்பெயர்கள்

ஒரு மொழியின் சொற்களைப் பிறிதொரு மொழியின் எழுத்தில் வரைவதற்கு வழிகள் இரண்டு. ஒலிக்கின்றவாறு எழுதுதல் ஒன்று. எழுத்துக்கு எழுத்து மாற்றுதல் மற்றொன்று. இவ்விரண்டும் விரவுமிடத்து எழும் குழப்பத்தைக் காண்பதற்கு யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்ப்பெயர்களே போதும்.

கயிற்ஸ், டெல்ப்ட் என்பவற்றை ஈண்டு விலக்கிவிடலாம். முன்னது துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. பின்னது ஒல்லாந்தர் இட்ட தம் நாட்டு நகரொன்றின் பெயர். புங்குடுதீவை எழுதுவோருள் ஒரு சாரார் 'என்' எழுத்தையடுத்துக் 'கே' இடுவர். மற்றொரு சாரார் 'ஜி' இடுவர். முன்னவர் ககரத்தின் வடிவைப் போற்றினர்; பின்னவர் மெல்லினத்தையடுத்து அது பெறும் ஒலியைப் போற்றினர். இருவரும் தத்தம் நெறியிற் பிழைத்தாரல்லர். ஆயினும் அகரவரிசைப் பட்டியலில் ஓரூர் ஈரூராகிவிடுகின்றது.

எழுவைதீவின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. உரோமன் எழுத்திலுள்ள அப்பெயரை மீளத் தமிழில் எழுதப் புகுவார்க்கு, முதலெழுத்து எகரமோ ஏகாரமோ, அடுத்தது லகரமோ ளகரமோ ழகரமோ என ஆறு வழிகள் தோன்றும். ஊரை அறிந்தவர்க்கு இடரில்லை. 1990களில் தீவகத்தினின்றும் பெயர்ந்தோரின் பேரப்பிள்ளைகள், பாட்டனார் பிறந்த ஊரைக் கடவுச்சீட்டில் மட்டுமே கண்டவராயின், அவ்வூரின் பெயரைச் சரிவரச் சொல்லவும் இயலாதவராவர்.

தமிழ் முதன்முதல் அச்சேறியதும் உரோமன் எழுத்திலேயாம். 1554இல் இலிசுபன் நகரில் வெளிவந்த 'கார்த்தில்யா' என்னும் சமயநூலே அது. தமிழெழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. இப்பழைய அச்சுநூல்களை ஆராய்ந்து உலகறியச் செய்தவருள் ஒருவர், ஊர்காவற்றுறையையடுத்த கரம்பொனிற் பிறந்த தனிநாயக அடிகள் (1913–1980) என்பது தீவகத்தார்க்கு உவகை தருவதாகும்.

குழப்பத்தை நீக்கும் நெறியும் முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) நெடிலுக்கு மேலே கோடிட்டது. ளகரத்துக்கு 'எல்' எழுத்தின்கீழ்ப் புள்ளியும் ழகரத்துக்குக் கோடும் இட்டது. 2001இல் வெளியான ஐஎஸ்ஓ 15919 என்னும் அனைத்துலக நியமமும் பெரும்பாலும் இவ்வழியதே. இங்ஙனம் எழுதியதைப் பிழையின்றித் தமிழுக்கு மீட்கலாம்; ஒலியையோ அஃது உள்ளவாறு உணர்த்தாது. யாழ்ப்பாணத்தார் 'ரொறன்ரோ' என வரையும் பெயரை இந்நெறியால் மாற்றிக் காட்டின், அந்நகரத்தார் தம் ஊரென்று அறியார்!

எனினும் பதிவேட்டுக்கு வேண்டுவது மீட்சியே. ஊர்காவற்றுறையில் றகரம் மூன்று; ஆதலின் அடிக்கோடுகளும் மூன்று. விசைப்பலகையில் எளிதில் அகப்படாமையின் முதலில் விடுபடுவன இக்கோடுகளே. அவை நீங்கியவழி, ஊரின் ரகரமும் துறையின் றகரமும் ஒன்றாய்விடும்.