தோலுக்குள் முறுக்கிய கயிறு

சென்னை எண்ணூரின் நெட்டுக்குப்பத்துக் கரையில் வலை சீர்செய்யும் பெரியவர் ஒருவரின் பின்கழுத்தைப் பாருங்கள். வெடித்த களிமண் போலக் கட்டம் கட்டமாகக் கோடுகள், தொட்டால் தடிப்பு. அவரே கையைத் தூக்கினால், அக்குளை ஒட்டிய உள்புஜம் பத்து இருபது வயது குறைந்ததுபோல வழவழவென்று இருக்கும். இரண்டும் ஒரே நாளில் பிறந்த தோல்தான். 1894-ல் ஜெர்மனியின் துறைமுக நகரான ஹாம்பர்க்கில் தோல் மருத்துவர் உன்னா, மாலுமிகளிடம் இதைக் கண்டு 'கடலோடித் தோல்' என்று பெயரிட்டார். தோலைக் கிழடாக்குவதில் வயதைவிட வெயிலுக்கு அதிகப் பங்கு உண்டு என்பதற்கு அந்தக் கழுத்தே சாட்சி.

உள்ளே என்ன நடந்தது? மேல்தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு படலம் இருக்கிறது. அதைத் தாங்கிப் பிடிப்பது கொலாஜன் என்ற புரதம். அதன் வடிவம் குப்பத்தில் யாருக்கும் அந்நியமில்லை: மூன்று புரி முறுக்கிய கயிறு. இதைக் கண்டுபிடித்ததும் நம் ஊரில்தான். 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இந்த மூவிழை அமைப்பை முன்வைத்தார்கள். எக்ஸ் கதிர்ப் படமெடுக்க அவர்களுக்குக் கங்காரு வாலின் தசைநாணைக் கொடுத்தது, 1948-ல் தொடங்கப்பட்ட அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். மூன்று புரிகளும் இறுக்கமாகச் சேர, ஒவ்வொரு புரியிலும் மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒன்று, அவற்றில் மிகச் சிறியதான கிளைசீனாக இருக்க வேண்டும். கயிற்றின் நடுவில் வேறெதற்கும் இடமில்லை.

வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், இந்தக் கயிற்றை நறுக்கும் நொதிகளைத் தோலே சுரக்கிறது. அறுந்த இடத்தில் உடல் புதுக் கயிறு திரிக்கும்; ஆனால் பழைய நேர்த்தி வராது. சுண்டி இழுத்த தோலை மீண்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் எலாஸ்டின் நார்களின் கதை இன்னும் மோசம். உடல் அவற்றைப் பெரும்பாலும் இளமையிலேயே செய்து முடித்துவிடுகிறது. வெயிலில் அவை சிதைந்து கட்டிகட்டியாகத் தேங்குவதால்தான் கழுத்து அப்படித் தடிக்கிறது.

இனி, கத்தி வைக்காமல் தொய்வை இறுக்கும் சிகிச்சைகள். மீன் துண்டைச் சூடான எண்ணெயில் போட்டதும் தோல் சுருண்டு துண்டையே வளைக்கிறதே, அதே சங்கதிதான். கொலாஜன் சூடானால் முறுக்கு அவிழ்ந்து குறுகும். பதனிடாத மாட்டுத்தோல் 60 டிகிரி செல்சியசைத் தாண்டினால் சுருங்கிவிடும் என்பது தோல் தொழிலில் அரிச்சுவடிப் பாடம். அழகுக் கிளினிக்குகளில் உள்ள கருவிகளும் ஏறக்குறைய இந்த வெப்பத்தைத்தான் நாடுகின்றன. மேல்தோல் வேகாமல் அடியில் மட்டும் சூடேற்றுவதுதான் வித்தை. ரேடியோ அலைக் கருவிக்கு அமெரிக்காவில் 2002-ல், கண்ணோரச் சுருக்கத்துக்காக அனுமதி கிடைத்தது. அல்ட்ராசவுண்டைப் பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல 4.5 மில்லிமீட்டர் ஆழம் வரை குவிக்கும் கருவிக்கு, புருவம் தூக்க 2009-ல். சூடு பட்ட இடத்தைக் காயம் என்று எண்ணி உடல் புதுக் கொலாஜன் நூற்கிறது. அதனால் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், ஆண்டுக்கணக்கில் நிலைக்காது. நுண்ணூசிகளால் குத்துவதும் உடலை இதேபோல ஏமாற்றும் வேலைதான்.

நம் நிறத்துக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு. பல லேசர்களின் ஒளியைக் கறுப்பு நிறமியான மெலனின் உறிஞ்சுவதால், மாநிறத் தோல் புண்ணாகித் தழும்பு கறுக்கும் அபாயம் உண்டு. ரேடியோ அலைக்கும் ஒலிக்கும் நிறம் தெரியாது. ஆனாலும் பழக்கமில்லாத கையில் இவையும் சுடும். முகக் கொழுப்பைக் கரைத்துக் கன்னத்தை ஒட்ட வைத்துவிடும். லேசான தொய்வுக்குத்தான் இவை உதவும். அறுவை சிகிச்சைக்கு ஈடு என்று விளம்பரம் சொன்னால் நம்ப வேண்டாம். கொலாஜன் பொடி? மீன் தோலிலிருந்தும் செதிளிலிருந்தும் எடுத்து டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். வயிற்றுக்குள் போனால் அதுவும் பெரும்பாலும் மற்றப் புரதம்போலத் துண்டுதுண்டாகிறது. பலன் உண்டு என்ற ஆய்வுகளில் பல, விற்பவர்கள் பணத்தில் நடந்தவை.

என்னைக் கேட்டால், விலை குறைந்த இரண்டுக்குத்தான் சான்று கூடுதல். ஒன்று ட்ரெட்டினாய்ன் களிம்பு. முகப்பருவுக்கான இம்மருந்து வெயில் சுருக்கத்தையும் குறைக்கும் என்று 1986-ல் ஃபிலடெல்ஃபியாவின் ஆல்பர்ட் க்ளிக்மன் குழு காட்டியது. மருத்துவர் சீட்டு வேண்டும்; கர்ப்பிணிகளுக்கு ஆகாது. மற்றொன்று சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 903 பேரை நாலரை ஆண்டு கவனித்து 2013-ல் வெளியான ஆய்வில், தினமும் பூசியவர்களின் தோல் மூப்பு, இஷ்டப்படி பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவு.

எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர்களுக்கு ஒரு சேதி. 28 ஆண்டு லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012-ல் மருத்துவ இதழில் வந்தது. ஜன்னலோர இடக் கன்னம் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது, வலக் கன்னம் அப்படியில்லை. புற ஊதா ஏ கதிர் கண்ணாடியையும் ஊடுருவும். நம் வண்டிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம். இன்று கண்ணாடி முன் நிற்கும்போது உங்கள் வலக் கன்னத்தை இடக் கன்னத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.