வீட்டுக் கரோக்கிப் பொறி: தெரிதலும் பயிலலும்

மலர்க் குழுவினர் கட்டுரையொன்று கேட்டபோது, புணர்ச்சியிலக்கணத்தைப் பற்றி ஏதேனும் எழுதலாமென்றே எண்ணியிருந்தேன். ஆயினும், சென்ற ஒன்றுகூடலில் என்னைக் கண்ட பழைய மாணவர் பலர் இலக்கணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டாரல்லர், “வீட்டிற் பாடுவதற்குக் கரோக்கிப் பொறி வாங்கவேண்டும், எதனை வாங்கலாம்?” என்றே வினவினர். ஒருமுறை பிழையாக வாங்கிப் பட்டறிந்தவன் என்னுந் தகுதி எனக்குண்டு. அது பற்றியே இதனை எழுதத் துணிந்தேன்.

கரோக்கி என்பது சப்பானியச் சொல். ‘வெறுமையான வாத்தியக் குழு’ என்பது அதன் பொருள். பாடகர் குரல் நீங்கிய பின்னணி இசை என்க. 1967 இலேயே தோக்கியோவில் சிகெயிச்சி நெகிஷி என்பவர் இத்தகைய பெட்டியொன்றைச் செய்திருந்தார். எனினும் நம் பொருளுக்கு இயைபுடைய கதை, கோபே நகர வாத்தியக்காரரான தைசுக்கே இனோவே என்பவருடையது. அவருடைய இசைக்குப் பாடி மகிழ்ந்த கம்பனித் தலைவரொருவர் தம் பயணத்துக்கு அவரை உடன் அழைத்தார். செல்ல இயலாத இனோவே, அவர் பாடும் போக்குக்கேற்ப வாசித்து, நாடாவிற் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்தே 1971 இல் அவருடைய பொறி பிறந்தது. அவர் அதற்குக் காப்புரிமை பெற்றாரில்லை என்பது வேறு கதை. பாடுபவருக்கு இசை இணங்கிச் செல்வதே இக்கருவியின் தொடக்கம் என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

இதனை அறியாமலே நான் கடைக்குச் சென்றேன். என் தந்தையார் காலமான பின்னர் அம்மா பாடுவதை விட்டுவிட்டார். கொழும்பு வானொலியையும் திருச்சி வானொலியையும் அடுப்படியிற் கேட்டுக் கேட்டே நூறு பாட்டுப் பாடம் செய்தவர் அவர். அவரை மீண்டும் பாடவைக்கவேண்டுமென்பது என் ஆசை. ஆளுயரப் பெட்டி, பலநிற விளக்குகள், அட்டையில் ஆயிரக்கணக்கான வாற்று என்ற அச்சு, மயங்கி வாங்கிவந்தேன். அம்மா சுசீலாவின் பாட்டொன்றைத் தொடங்கினார். பல்லவி நன்றாகவே சென்றது. சரணத்திற் குரல் உடைந்தது. “என்ரை தொண்டைக்கு இனி இது எட்டாது, தம்பி” என்று ஒலிவாங்கியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். குறை தொண்டையில் இல்லை. அப்பொறியிற் சுருதியை இறக்கும் வசதி இல்லை.

ஆதலின் முதலிற் பார்க்கவேண்டியது சுருதி மாற்றும் விசை. நம்மவர் வழக்கில் ஆடவர் 1 கட்டையை ஒட்டியும் பெண்டிர் 5 கட்டையை ஒட்டியும் பாடுவர். இடையே ஏழு சுரத்தானங்கள் உள. முதுமையிற் பெண்டிர் குரல் இன்னுந் தாழும். விசையின் ஒரு படி ஒரு சுரத்தானம். பொறியில் அவ்விசை இல்லையெனின், கைப்பேசியிற் சுருதி மாற்றும் செயலி மூலம் பாட்டை இறக்கிப் பொறிக்கு அனுப்பலாம். பல்லவியைப் பாடி அளவு பார்த்தல் பிழை; பாட்டின் மிக உயர்ந்த அடியை முதலிற் பாடி, அது தொண்டையை வருத்தாத இடத்திற் சுருதியை நிறுத்துக. மிகுதியாக மாற்றினால் வாத்திய ஓசை திரிந்துபோம்.

அடுத்தது தாமதம். ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். உம்முடைய குரல் பத்திலொரு விநாடி பிந்தி வருமாயின், 34 மீற்றர் தொலைவிலுள்ள ஒலிபெருக்கியைக் கேட்டுப் பாடுவதை ஒக்கும், தாளம் நில்லாது. பின்னணி இசை புளூடூத் வழியே வரலாம். குரல் அவ்வழி வரலாகாது. ஒலிவாங்கி பொறியிலேயே நேரே செருகப்படவேண்டும். கடையில் ‘பட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். வல்லினம் வாயிலும் பெட்டியிலும் ஒருங்கே ஒலிக்கவேண்டும். தொடங்குவோருக்குக் கம்பியுள்ள ஒலிவாங்கியே போதும். மின்கலம் தீரும் கவலையில்லை.

வாற்றுக் கணக்கில் ‘ஆர்.எம்.எஸ்.’ என்று குறித்ததை மட்டும் நம்புக, ‘பி.எம்.பி.ஓ.’ என்பது வெறும் ஆரவாரம். கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் பொறியெனின் முதுகுப்புறத்தை வாசியுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ற்று, சப்பானில் 100, நமக்கோ 230. அவ்வளவைத் தாங்குமென்று எழுதப்படாத பொறியை நேரே செருகினால் முதற்பாட்டே இறுதிப்பாட்டாகும்.

பாடும்போது ஒலிவாங்கி வாய்க்கு இரண்டு மூன்று விரலளவு தள்ளி இருக்கட்டும். அதன் வலைத்தலையைக் கையாற் பொத்துவதும், ஒலிபெருக்கியின் முன்னே நிற்பதும் ஊளையொலியை எழுப்பும்; பெட்டி எப்போதும் உமக்கு முன்னாகவும், ஒலிவாங்கியின் பின்புறம் அதனை நோக்கியும் இருத்தல் வேண்டும். எதிரொலி விசையை முற்றாகக் குறைத்துத் தொடங்குக. அதனைக் கூட்டினால் எல்லோர் குரலும் இனிமையாகத் தோன்றுவது உண்மையே. ஆனால் சொற்கள் ஒன்றன்மேலொன்று விழுந்து, லகர ளகர ழகரம் மூன்றும் ஒன்றாய்விடும். தமிழாசிரியனாக இதனை நான் பொறுக்கமாட்டேன். திரையில் ஆங்கில எழுத்தில் ஓடும் தமிழ்ப் பாட்டையும் அவ்வாறே. என் மாணவனொருவன் அதனைப் பார்த்துப் பாடி ‘மழை’யை ‘மசை’யாக்கினான். பாட்டைக் கொப்பியில் எழுதி வைத்துப் பாடுவது நன்று.

நம் தீவுக்கெனச் சிறப்பாக ஒன்று. சோளகக் காற்று உப்பையும் மணலையும் வீட்டினுள் கொணரும். கடலை நோக்கிய சன்னலருகே பொறியை வையாதீர். பாடி முடிந்ததும் துணியாற் போர்த்துக. ஒலிவாங்கியின் வலையைத் துடைத்து உலர வைக்க. நாட்கணக்கிற் பயன்படுத்தாவிடின் மின்கலத்தைக் கழற்றுக. என் முதற்பொறியின் செருகுவாய்கள் ஓராண்டில் துருவேறின.

பொதுவிடங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாதென உயர் நீதிமன்றம் 2007 இற் பணித்தது. வீட்டிலோ அதற்கு முன்னரே நிறுத்துதல் அயலவர்க்குச் செய்யும் மரியாதை.

இரண்டாவதாக வாங்கியது சிறு பெட்டி, விளக்கொன்றும் இல்லை. அதே பாட்டை நான்கு படி இறக்கிவைத்து, ஒன்றுஞ் சொல்லாமல் அம்மாவிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தேன். சரணம் வந்தபோது அவர் கண்களை மூடிக்கொண்டார், குரல் உடையவில்லை. இப்போது வெள்ளிதோறும் பூசை முடிந்தபின் நான்கு பாட்டுகள். எட்டரை மணிக்கு நிறுத்திவிடுவார். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சை.