ஆடு ஓட்டப் போகிறான் பேரன்

பெட்டாலிங் ஜெயா, செக்‌ஷன் 17. தோசை ஆறிக்கொண்டிருக்க, பேரன் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்ற வீடியோ கேம் ஆடுகிறான். "தாத்தா, ஆடு திருடப் போறேன்!"

கதை நடப்பது 1899-இல், அமெரிக்காவில். தூரத்திலிருந்து சுட்டு மேய்ப்பர்களை மிரட்டி விரட்டிவிட்டு, மந்தையை வேலண்டைன் என்ற ஊருக்கு ஓட்டிப்போய் விற்கிறார்கள். சுத்தத் திருட்டு.

நம்மிடம் இதற்குத் திணையே உண்டு. பகைவரின் ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. தொல்காப்பியர் 'வேந்துவிடு முனைஞர்' என்பதால், அரசன் ஏவினால் அது போர். (எனக்கென்னவோ, மாட்டைப் பறிகொடுத்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.) தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல், கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரைப் பூசலில், மாண்ட தீயன் அந்தவனுக்கு எடுத்தது.

"அவன் திருட வந்தவனா, மீட்க வந்தவனா தாத்தா?"

கல்லில் அது எழுதப்படவில்லை.