புழுவெட்டில் புழு ஏது?

பின்னந்தலையில் பழைய எட்டணா அகலத்துக்கு வழவழவென்று ஒரு வட்டம். பெரும்பாலும் முடிவெட்டுகிறவர்தான் அதை முதலில் பார்த்துச் சொல்வார். வீட்டில் சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்க்கத் தொடங்குவார்கள். புழுவெட்டு என்று பெயர் இருந்தாலும் புழு எதுவும் கிடையாது. வெட்டுவது நம்முடைய வெள்ளணுக்களே.

வளரும் முடியின் வேர், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாமல் ஒரு திரைக்குள் இருக்கும். அந்தத் திரை விலகினால் சிடி8 வகை டி செல்கள் வேரை மொய்த்துவிடும். நுண்ணோக்கியில் இதைத் தேனீக்கூட்டம் போல என்பார்கள். அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா, மிச்சத் திரையையும் கிழிக்கிறது. ஆனால் வேர் சாவதில்லை. சிகிச்சைக்கு இடம் இருப்பதே அதனால்தான்.

ஜெர்மானியத் தோல் மருத்துவர் ருடால்ஃப் ஹாப்பிளும் சகாக்களும் 1983இல் டைஃபென்சிப்ரோன் என்ற வேதிப்பொருளோடு வந்தார்கள். அது தோலில் ஒவ்வாமையைக் கிளப்பிவிடும், வேண்டியதும் அதுதான். முதலில் 2 சதவீதக் கரைசலைத் தலையில் சிறு இடத்தில் தடவி, உடம்புக்கு அதை அறிமுகம் செய்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து 0.001 சதவீதத்தில் ஆரம்பித்து, வாரம் ஒருமுறை பஞ்சுக்குச்சியால் பூசி, மெல்ல அடர்த்தியை ஏற்றுகிறார்கள். ஒன்றிரண்டு நாள் லேசாக அரித்துச் சிவந்தால் அளவு சரி. கொப்புளம் வந்தால் கைமீறிவிட்டது. வெளிச்சம் பட்டால் மருந்து சிதையும். அதனால் பழுப்புக் குப்பி, தலைக்குத் தொப்பி. பூசிவிடும் செவிலியருக்கும் ஒவ்வாமை வரும் என்பதால் கையுறை கட்டாயம்.

புதிய அரிப்பைக் கவனிக்கப் போன எதிர்ப்பு மண்டலம் பழைய சண்டையைத் தளர்த்துகிறது என்பது ஒரு விளக்கம். வேரைச் சுற்றிய செல்களின் கலவை மாறுவதையும், சண்டையைத் தணிக்கும் இன்டர்லூகின்-10 கூடுவதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். எல்லாருக்கும் பலிப்பதில்லை. தலை முழுக்கக் கொட்டியவர்கள், நகத்தில் குழி விழுந்தவர்கள், கரப்பான், ஆஸ்துமா போன்ற ஒவ்வாமைப் பின்னணி உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு குறைவு. கடுமையாகக் கொட்டியவர்களுக்கு இப்போது மாத்திரையும் உண்டு: 2022இல் அமெரிக்கா பாரிசிட்டினிபை அனுமதித்தது.

எனக்குப் பிடித்தது ஹாப்பிள் வழியின் ஒரு கறார்த்தனம். புழுவெட்டு தானாகவும் ஆறக்கூடியது. ஆகவே முதலில் பாதித் தலைக்கு மட்டுமே பூசுவார்கள். சில மாதத்தில் அந்தப் பாதியில் மட்டும் முடி, பெரும்பாலும் முதலில் வெள்ளையாக, எட்டிப் பார்த்தால் பெருமை மருந்துக்கு. அதற்குப் பிறகுதான் குச்சி மறுபாதிக்குப் போகும்.