அடிபட்டவருக்கு மூன்றாவது சோதனை ஏன்?

விபத்தில் சிக்கியவரின் உயிரைக் காப்பது அறுவை மருத்துவரின் கத்தி என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பாதி உண்மை. மீதி, பின்வரும் நாட்களில் படுக்கையருகே நடக்கிறது.

அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் ஐந்தைப் பார்க்கிறார்கள்: மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம், நினைவு, ஆடையை அகற்றிய பின் உடலில் தெரியும் காயங்கள். அடுத்து, தலை முதல் கால் வரை இரண்டாவது சோதனை.

ஆனால், மயக்கத்தில் வந்தவர் கை வலிக்கிறது என்று எப்படிச் சொல்வார்? தொடை எலும்பு முறிந்து துடிப்பவருக்கு மணிக்கட்டு வலி எப்படித் தெரியும்? ஆகவேதான் பொதுவாக 24 மணி நேரத்திற்குள் மூன்றாவது சோதனை செய்யப்படுகிறது. நினைவு திரும்பியதும் மறுபடியும் பார்ப்பதுண்டு. முதலில் தப்பிய எலும்பு முறிவுகள் இப்போது பிடிபடும்.

பல நாடுகளில் இப்பணியில் உயர்நிலைப் பயிற்சித் தாதியருக்குப் பெரும் பங்குண்டு. மூளை, எலும்பு, வயிறு என மருத்துவர்கள் தத்தம் பகுதியைக் கவனிக்க, இவர்கள் முழு மனிதரையும் பார்க்கிறார்கள்.

ஓர் உதாரணம். குளியலறையில் விழுந்த முதியவருக்கு விலா எலும்பு முறிந்திருக்கிறது. வலிக்குப் பயந்து அவர் ஆழமாக மூச்சிழுப்பதில்லை, இருமுவதுமில்லை. சளி தேங்கி நிமோனியா வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வலியைத் தணித்து, மூச்சுப் பயிற்சி தந்து, எழுந்து நடக்க வைத்தால் அந்த ஆபத்து குறையும். இதைக் கண்காணிப்பது அனுபவமுள்ள தாதியின் கண்.

சிங்கப்பூரில் இதற்கான முதுகலைத் தாதிமைக் கல்வி 2003இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. படிப்புக்குப் பின் மேற்பார்வையில் பயிற்சியும் பெற்றாலே தாதியர் வாரியத்தின் சான்று கிடைக்கும். 2018இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தின்வழி, தகுதி பெற்றவர்கள் மருத்துவர்களுடன் இணைந்து மருந்தும் எழுதித் தரலாம்.

குடும்பத்தார் செய்ய வேண்டியது நான்கு. நோயாளி உண்ணும் மருந்துகளின் பட்டியலைக் கொடுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். மறுநாள் புதிதாக வலி தெரிந்தால் மறைக்காதீர்கள். பேச்சு குழறினாலோ, அளவுக்கு மீறித் தூங்கினாலோ உடனே தாதியை அழையுங்கள்.

'தாதிதானே' என்று நினைத்துச் சொல்லாமல் விட்ட ஒரு சொல், ஓர் உயிரைக் காத்திருக்கக்கூடும்.